‘அங்கே’

சங்க இலக்கியத்தில் முனைவர் பட்டம் வாங்கியவள் நான். இருபது வருடமாகக் கல்லூரி வகுப்பறையில் ‘அல்குல்’ என்ற சொல்லுக்குப் பொருள் சொல்லி வருகிறேன். ‘இடை’ என்று எழுதித் தப்பித்துக்கொள்ளும் பாடநூல் உரைகளைக் கேலி செய்திருக்கிறேன். பெண்ணுடலைப் பெண்தான் எழுத வேண்டும் என்று மேடையில் பேசியிருக்கிறேன். அப்படி எழுதிய கவிதைகளுக்காகத் திட்டும் வாங்கியிருக்கிறேன். மூன்று வருடங்களுக்கு முன்பு, ஒரு மருத்துவமனையின் தோல் பிரிவில், “பாட்டிக்கு எங்க மேடம் பிரச்சினை?” என்று கேட்ட பயிற்சி மருத்துவரிடம் என் பெரியம்மாவின் சார்பில் நான் சொன்ன சொல் இதுதான்: “அங்க.”

“எங்க?”

“அங்கதான் டாக்டர். கீழ.”

அந்தப் பையன் பெரியம்மாவின் பாதத்தைப் பார்த்தான்.

தவறு அவனுடையது இல்லை. கீழே என்றால் கால்தான். பெரியம்மா சுவரில் இருந்த தாய்ப்பால் வார விளம்பரத்தைப் படித்துக்கொண்டிருந்தார். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு ‘பிரைவேட் பார்ட்’ என்றேன். ஆங்கிலத்திலும் அது பெயர் அல்ல, ஒரு திரைச்சீலைதான். ஆனால் அவனுக்குப் புரிந்தது. உடனே எழுந்து, “மேடத்த கூப்பிடறேன்” என்று போய்விட்டான்.

பெரியம்மாவின் பெண்குறியின் இதழ்களில் வந்திருந்தது ஓர் அரிய தோல் புற்று. ஆறு வருடமாக இருந்திருக்கிறது. அந்த ஆறு வருடத்துக்கு யார் பொறுப்பு என்பதுதான் இந்தக் கட்டுரை. பொறுப்பாளிகள் பட்டியலில் நானும் இருக்கிறேன். எழுதலாமா என்று பெரியம்மாவிடம் கேட்டபோது, “எம் பேரப் போடாத, மத்தத எழுதிக்கோ” என்றார்.

இந்தக் கதை என் கையில் தொடங்குகிறது. பத்தொன்பது வயதில் என் இடது கை விரல் நுனிகள் வெளுக்கத் தொடங்கின. அடுத்த வருடம் உதட்டோரம். தோலுக்கு நிறம் தரும் அணுக்களை உடம்பின் சொந்த எதிர்ப்புச் சக்தியே அழித்துவிடுகிற நோய் இது. தொற்றாது, உயிரை எடுக்காது. வலிகூடக் கிடையாது. ஆனால் அன்றிலிருந்து என் தோல் பொதுச்சொத்து. பனகல் பார்க் பஸ் நிறுத்தத்தில் முன்பின் தெரியாத பெண்மணி என் கையைப் பிடித்துக்கொண்டு, மீனும் பாலும் சேர்த்துச் சாப்பிட்டாயா என்று கேட்பார். கபாலி கோயில் வாசலில் பூ வாங்கும்போது, பூக்காரம்மா காசை என் கையிலிருந்து வாங்காமல் கூடையில் போடச் சொல்வார். பெண் பார்க்க வந்த ஒரு மாமியார், தன் ஆள்காட்டி விரலை எச்சிலில் நனைத்து என் உதட்டோரத்தைத் தேய்த்துப் பார்த்தார். பவுடராக இருக்கும் என்ற நம்பிக்கையில். அழியவில்லை என்றதும் காபியைக் கூடக் குடிக்காமல் எழுந்துகொண்டார்கள்.

தி. நகரில் வெளுப்பு விலைக்குக் கிடைக்கும். 1975-இல் வந்த ஃபேர் அண்ட் லவ்லி, உலகமே நிறவெறியைப் பற்றிப் பேசிய 2020-இல்தான் வெட்கப்பட்டு, பெயரில் இருந்த ‘ஃபேர்’ என்பதை ‘க்ளோ’ என்று மாற்றிக்கொண்டது. உள்ளே இருக்கும் ஆசை மாறவில்லை. வெளுக்க வேண்டும், ஆனால் முழுக்க, அவர்கள் சொன்ன அளவில் வெளுக்க வேண்டும். திட்டுத்திட்டாக வெளுத்தால் அதன் பெயர் குஷ்டம்.

அந்தப் பெயரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தொழுநோய்க்கும் இதற்கும் ஒரு தொடர்பும் கிடையாது. ஆனால் தமிழ் இரண்டையும் ஒரே சொல்லில் கட்டி வைத்தது: குஷ்டம், வெண்குஷ்டம். தொழுநோயை விவாகரத்துக்குக் காரணமாக வைத்திருந்த சட்டப் பிரிவை நாடாளுமன்றம் 2019-இல்தான் நீக்கியது. அதுவரை ‘குஷ்டம்’ என்ற சொல்லுக்குள் ஒரு விவாகரத்து மனு மடித்து வைக்கப்பட்டிருந்தது. வெண்புள்ளிக்காரர்கள் இயக்கமாகக் கூடிப் பல வருடம் கேட்டதால், தமிழக அரசு ‘வெண்புள்ளி’ என்றே எழுத வேண்டும் என்று ஆணை போட்டது. நல்ல ஆணை. ஆனால் கல்யாணத் தரகர்கள் அரசாணை படிப்பதில்லை. என் பெரியம்மாவின் மகளுக்கு, அதாவது என் அக்காவுக்கு, நிச்சயம் வரை போன வரன் ஒன்று என்னால் கலைந்தது. “சித்தி பொண்ணுக்கு வெண்குஷ்டமாமே, ரத்தத்துல இருக்குமோ” என்று மாப்பிள்ளை வீட்டார் கேட்டார்கள். அக்காவுக்கு மூன்று வருடம் கழித்துத்தான் கல்யாணமானது. பெரியம்மா அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லாததை வைத்து அவர் மறந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பெரியம்மா தி. நகரில் ஒரு துணிக்கடையில் இருபத்திரண்டு வருடம் நின்றவர். ‘வேலை பார்த்தவர்’ என்று எழுதினால் அது பொய்யாகிவிடும். நின்றார். கடைப் பணியாளர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு சட்டம் கொண்டுவந்தது 2021-இல். அதற்குள் பெரியம்மாவின் காலில் நரம்புகள் சுருண்டு, அவர் வேலையை விட்டும் வருடங்கள் ஆகியிருந்தன. கழிப்பறைக்கு மேற்பார்வையாளரிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டும். சித்திரை வைகாசியில் நைலான் புடவைக்குள் பத்து மணி நேரம். அரிப்பு என்பது அந்தத் தளத்தில் எல்லாப் பெண்களுக்கும் இருந்தது, முதுகுவலியைப் போல. வேலையை விட்ட பிறகு வந்த அரிப்பையும் பெரியம்மா பழைய அரிப்பின் தொடர்ச்சி என்றே எடுத்துக்கொண்டார்.

மயிலாப்பூரில் மூன்று மருத்துவர்களிடம் காட்டியிருக்கிறார். ‘காட்டியிருக்கிறார்’ என்பது பேச்சு வழக்கு. மூவரில் ஒருவரும் பார்க்கவில்லை. மேசைக்கு அந்தப் பக்கமிருந்து, “வெள்ளைப்படுதா? சுகர் இருக்கா? காட்டன் போடுங்கம்மா” என்று மருந்துச் சீட்டு நீட்டினார்கள். மூவரில் இருவர் பெண்கள். இதை எழுதும்போது என் சகோதரிகள் சிலருக்குக் கோபம் வரும் என்று தெரியும். வரட்டும். பெண் மருத்துவர் வேண்டும் என்று நாம் ஒரு நூற்றாண்டு போராடியது, பெண் நோயாளியின் புடவையை விலக்கிப் பார்க்க ஓர் ஆள் வேண்டும் என்பதற்காகத்தான்.

அப்புறம் சீட்டும் தேவைப்படவில்லை. மருந்துக்கடையில் “அந்த க்ரீம்” என்றால் போதும். எடுத்து, நாப்கினைச் சுற்றுவதுபோல நியூஸ்பேப்பரில் சுற்றிக் கொடுத்துவிடுவார்கள். ஸ்டீராய்டு, பூஞ்சைக்கொல்லி, ஆன்டிபயாடிக் மூன்றையும் ஒரே குழாயில் அடைத்த கலவை. தோல் மருத்துவர்கள் இந்தக் கலவைகளுக்கு எதிராகத் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறார்கள். ஸ்டீராய்டு களிம்புகளைச் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று மத்திய அரசு 2018-இல் இறுக்கிப் பிடித்தது. மந்தைவெளியில் அந்த இறுக்கம் தெரியவில்லை. ஸ்டீராய்டு இரண்டு நாளில் அரிப்பை அடக்கும். அடங்கியது நோய் அல்ல, அறிகுறி. மாதக்கணக்கில் தடவினால் தோல் சிகரெட் காகிதம் மாதிரி மெலியும், நிறம் வெளிறும்.

வெளிறியது.

பென்ஷன் புத்தகம் தேடுவதற்காகப் பெரியம்மாவின் பீரோவைத் திறந்தபோது, பட்டுப்புடவைக்கு அடியில், வால் முனையிலிருந்து சுருட்டிச் சுருட்டிக் கடைசிச் சொட்டு வரை பிழிந்த பதினோரு குழாய்கள் இருந்தன. அவற்றைக் குப்பையில் போடவும் பயந்திருக்கிறார். குப்பைக்காரர் பார்த்துவிடுவாராம். என்ன இது என்று கேட்டேன். முதலில் கோபித்துக்கொண்டார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்: “உனக்கு வந்தது எனக்கும் வந்துடுச்சுடி. அங்க வெள்ளையாயிடுச்சு.”

பேத்திக்கு அப்போது இருபத்துமூன்று வயது. ஜாதகம் எடுத்திருந்தார்கள். “ஒரே வீட்டுல ரெண்டு பேருக்குன்னா வம்சத்துலயே இருக்குன்னு சொல்லிடுவாங்க. உன்னால உங்க அக்காவுக்கு ஆனது போதும்.”

‘உன்னால’ என்று அவர் சொன்னது அதுதான் முதல் முறை. இருபத்து மூன்று வருடம் அதை வாயில் வைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

ஆக, என் உதட்டோரத்து வெள்ளையை ஊரே உற்றுப் பார்த்தது. அந்தப் பார்வையின் பயத்தில் பெரியம்மாவின் வெள்ளையை யாரும் பார்க்காமல் போனார்கள், அவர் உட்பட. அவர் அதைக் கண்ணால் பார்த்தது ஒரே ஒரு முறை, பேத்தியின் மேக்கப் கண்ணாடியில். மீதிக் காலமெல்லாம் விரலால் தடவித்தான் தெரிந்துகொண்டார். அறுபத்தாறு வயது வரை தன் உடம்பின் ஒரு பகுதியைப் பார்த்தே இராத பெண் அவர். இந்த ஊரில் அது விதிவிலக்கு இல்லை.

இனி அந்த நோய். ஜேம்ஸ் பேஜெட் என்ற லண்டன் அறுவை மருத்துவர், முலைக்காம்பில் ஆறாத படைபோல் வந்து உள்ளே மார்பகப் புற்றோடு முடிகிற நோய் ஒன்றை 1874-இல் எழுதினார். 1889-இல் ராட்க்ளிஃப் குரோக்கர் அதே நோயை ஓர் ஆணின் குறியிலும் விதைப்பையிலும் கண்டார். பெண்குறியில் இருப்பதைத் துப்ரெய் என்ற பிரெஞ்சுக்காரர் பதிவு செய்தது 1901-இல். மேற்கு நாடுகளில் இந்த மார்புக்கு வெளியே வரும் பேஜெட் நோய் பெண்களுக்குத்தான் அதிகம். ஆனாலும் ஆணுடையது பன்னிரண்டு வருடம் முன்னதாகக் கண்ணில் பட்டிருக்கிறது. மெதுவாக நகரும் புற்று. பல வருடம் மேல்தோலிலேயே படர்ந்திருக்கும். அப்போது பிடித்துவிட்டால் பெரும்பாலும் உயிருக்குப் பயமில்லை. பார்ப்பதற்குப் படைபோல, சொறிபோல, சிவந்து நீர் கோத்து இருக்கும். நம்மைப் போன்ற மாநிறத் தோலில் சில சமயம் வெறும் வெளிறிய திட்டாகவும் தென்படும். வெண்புள்ளியோ என்று ஏமாற இடமுண்டு. பெரியம்மாவுக்குக் களிம்பால் வெளுத்தது எவ்வளவு, நோயால் வெளுத்தது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது என்றார்கள்.

சோதனை எளிது. மரத்துப்போக ஓர் ஊசி, சில மில்லிமீட்டர் தோல், ஒரு குப்பி, நுண்ணோக்கி. பதினோரு குழாய்க்குப் பதில் அந்தத் துண்டுத் தோல் போதுமாயிருந்தது. அரிப்பு ஒன்றிரண்டு மாதத்தில் மாறவில்லை என்றால், வெளுப்பு புதிதாக வந்தால், தோலைக் கிள்ளிப் பார். இதைச் சொல்ல மருத்துவ மேற்படிப்பு வேண்டியதில்லை. ஆனால் கிள்ளுவதற்கு முன் பார்க்க வேண்டும். பார்ப்பதற்கு முன் கேட்க வேண்டும். கேட்பதற்குச் சொல் வேண்டும். அங்கே வந்து நிற்கிறோம், தமிழாசிரியைகளாகிய நாம்.

எண்ணிப் பார்க்கிறேன். ‘பிறப்புறுப்பு’: பிள்ளை பெறுவதற்கான வழி என்ற அளவில் பெயர். பிள்ளை பெற்று முடித்த அறுபத்தாறு வயதுக்காரிக்கு அதில் என்ன வேலை? ‘அந்தரங்க உறுப்பு’: பெயர் வைக்கும்போதே வாயைப் பொத்துகிறது. ‘மர்ம உறுப்பு’ நாளிதழ்களின் கண்டுபிடிப்பு, வல்லுறவுச் செய்திகளில் மட்டும் தலைகாட்டும். ‘யோனி’ கோயிலுக்கும் கவிதைக்கும் போய்விட்டது. பெண்குறி என்று நான் இங்கே எழுதுகிறேன், வாயால் சொல்லிப் பழக இன்னும் முயன்றுகொண்டிருக்கிறேன். இவை போக எல்லோருக்கும் தெரிந்த ஒரு சொல் தெருவில் இருக்கிறது. ஆட்டோ உரசினால் சொல்வார்கள், கிரிக்கெட்டில் தோற்றால் சொல்வார்கள். ஓர் ஆண் இன்னோர் ஆணின் அம்மாவை இழுக்காமல் அதைச் சொல்வதே இல்லை. ஆக, தமிழில் அந்த உறுப்புக்கு மிகவும் புழக்கத்தில் இருக்கும் பெயர் ஒரு வசவு. எந்தப் பாட்டி அதை மருத்துவரிடம் சொல்வாள்?

பழைய இலக்கியத்துக்குப் போவோம் என்பார்கள் என் துறைக்காரர்கள். போவோம். பாம்பின் படம் என்றார்கள், தேர்த்தட்டு என்றார்கள். மேகலை கிடந்த அழகைப் பாடினார்கள். பார்த்தவன் கண்ணிலிருந்து எழுதிய உவமைகள். அதை உடம்பில் வைத்துக்கொண்டு வாழ்ந்தவளுக்கு அங்கே அரித்ததா, வலித்ததா, வெளுத்ததா என்பதற்கு அந்த உவமைகளில் இடமில்லை. 2002-இல் குட்டி ரேவதியின் ‘முலைகள்’ தொகுப்பு வந்தபோது தமிழ்ப் பண்பாட்டுக் காவலர்கள் எப்படிக் குதித்தார்கள் என்பது நினைவிருக்கும். அவர் சித்த மருத்துவம் படித்தவர் என்பதைக் குதித்தவர்களில் எத்தனை பேர் யோசித்தார்கள்? உறுப்பின் பெயரைச் சொன்னாலே ஆபாசம் என்று தீர்ப்பெழுதிய அந்தக் கூட்டத்துக்கு நான் இப்போது ஒரு கணக்கு அனுப்ப விரும்புகிறேன்: பெரியம்மாவின் ஆறு வருடம். நீங்கள் காத்த பண்பாட்டின் விலையில் அதுவும் சேர்த்தி.

நம் பக்கத்துக் கணக்கும் இருக்கிறது. நாங்கள் எழுதிய பெண்ணுடல் பெரும்பாலும் இருபத்தைந்து வயதுடையது. காமமும் மாதவிலக்கும் பேறும் அதில் உண்டு. கோபம் நிறைய உண்டு. மாதவிலக்கு நின்ற உடம்பு, தோல் உலர்ந்து மெலிந்த உடம்பு, விதவையின் உடம்பு எங்கள் கவிதைகளுக்குள் வரவில்லை. என் மூன்று தொகுப்புகளையும் புரட்டிப் பார்த்தேன். ‘யோனி’ பதினேழு இடத்தில் வருகிறது. மலர், குகை, கடல், நெருப்பு. ஒரு இடத்தில்கூட அது தோல் இல்லை.

அறுவைக்கு வருவோம். கண்ணுக்குத் தெரிகிற எல்லையோடு இந்தப் புற்று நிற்பதில்லை. அதனால் சுற்றி நல்ல தோலையும் சேர்த்து வெட்ட வேண்டும். விளிம்பு சுத்தம் என்று ஆய்வகம் சொன்ன பிறகும் சில பேருக்குத் திரும்பி வரும். அறுவைக்கு முன்பு குடலிலும் சிறுநீர்ப்பையிலும் வேறு புற்று ஒளிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பார்த்தார்கள், இல்லை. இதையெல்லாம் மருத்துவர் தெளிவாக, பொறுமையாகச் சொன்னார், யாரிடம் என்றால், அண்ணனிடம். பெரியம்மாவின் மகனிடம். பெரியம்மா பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஒப்புதல் படிவம் அண்ணனிடம் நீட்டப்பட்டது. பாவம், அண்ணன் காதுவரை சிவந்து, எங்கே கையெழுத்து என்று மட்டும் கேட்டார்.

சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2008-லேயே சொல்லிவிட்டது: நினைவோடு இருக்கிற, வயது வந்த நோயாளியின் உடம்பை வெட்ட அவருடைய சம்மதம்தான் வேண்டும். அந்த வழக்கில் மயக்கத்தில் இருந்த பெண்ணின் கருப்பையை, வெளியே காத்திருந்த அவர் அம்மாவின் சம்மதத்தை வைத்து எடுத்திருந்தார்கள். அது செல்லாது என்றது நீதிமன்றம். அம்மாவின் சம்மதமே செல்லாது என்றால், அம்மாவின் பெண்குறிக்கு மகனின் கையெழுத்து எந்தச் சட்டத்தில் செல்லும்? நான் இதைச் சொன்னதும் மருத்துவர் படிவத்தைத் திரும்ப வாங்கிப் பெரியம்மா பக்கம் வைத்தார். மரியாதையாகத்தான் வைத்தார். வழக்கம் அப்படி, யாரும் கேட்டதில்லை என்றார். கேட்காதவர்களைத்தான் நான் நினைத்துக்கொள்கிறேன்.

கிளிட்டோரிஸ் வரை போக வேண்டியிருக்குமா என்று பெரியம்மாவுக்காக நான் கேட்டேன். பெண்ணின் இன்பத்துக்கென்றே இருக்கும் அந்த உறுப்புக்கும் வீட்டில் சொல்கிற மாதிரி ஒரு தமிழ்ச் சொல் என்னிடம் இல்லை. முடிந்தவரை விட்டுவிடுவோம் என்றார் மருத்துவர். வெளியே வந்ததும் உறவுக்காரர் ஒருவர், அவரும் பெண்தான், சொன்னார்: “புருஷன் போய்ப் பதினஞ்சு வருஷமாச்சு. இனிமே அது இருந்தா என்ன, போனா என்ன? மொத்தமா எடுத்துடச் சொல்லு, நிம்மதி.” பிரான்சில் பாசெட் 1912-இல் வகுத்த முறையில், பெண்குறிப் புற்றுக்குப் பெண்குறி முழுவதையும் இரு தொடை இடுக்குச் சதையோடு சேர்த்து ஒரே துண்டாக எடுப்பார்கள். வெட்டின் வடிவத்தைப் பார்த்து வண்ணத்துப்பூச்சி என்று அழகாகப் பெயரும் வைத்தார்கள். அரை நூற்றாண்டுக்கும் மேல் உலகம் முழுக்க அதுதான் நடந்தது. தையல் பிரிந்து புண் சீழ் வைப்பது சாதாரணம். குறைவாக வெட்டினாலும் பலருக்குப் போதும் என்று கண்டுகொள்ள அவ்வளவு காலம் ஏன் ஆனது? என் உறவுக்காரர் சொன்ன அதே காரணம்தான், கொஞ்சம் லத்தீனில்: வயதானவளுக்கு அது எதற்கு.

எதற்கு என்று பெரியம்மாவுக்குத் தெரிந்திருந்தது. சிறுநீர் கழிக்க. உட்கார. நடக்க. நான் கேட்காமலே ஒரு நாள் சொன்ன இன்னொன்று உண்டு, அதை எழுத அனுமதி கிடைக்கவில்லை.

தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டினார்கள். குழாய் வழியே சிறுநீர், இரண்டு வாரம் மல்லாந்த படுக்கை. தொடைக் காயம்தான் அதிகம் எரிந்தது என்கிறார். வீட்டுக்கு வந்த பின் சிறுநீர் ஒரே தாரையாக வராமல் சிதறியது. அதற்குத்தான் முதல் முறை அழுதார். புற்று என்று சொன்னபோது அழவில்லை. பார்க்க வந்த அக்கம்பக்கத்தாரிடம் “கர்ப்பப்பை ஆபரேஷன்” என்று சொல்லிவைத்தோம். கர்ப்பப்பைக்குக் கௌரவம் இருக்கிறது. ஹார்லிக்ஸ் வாங்கி வந்தார்கள்.

இந்த ஊரில் பெண்களின் புற்றுநோய் பேசப்படவே இல்லை என்று நான் சொல்லவில்லை. அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைக் கட்டியது இந்திய மாதர் சங்கம். 1917-இல் அதே அடையாறில் தொடங்கிய சங்கம். தங்கையைப் புற்றுக்குப் பறிகொடுத்த முத்துலட்சுமி ரெட்டி, 1912-இல் மருத்துவப் பட்டம் வாங்கி, சட்டமன்றத்தில் தேவதாசி முறைக்கு எதிராக நின்ற அதே பிடிவாதத்தோடு காசு திரட்டி, 1954-இல் பன்னிரண்டு படுக்கையோடு அதைத் திறந்தார். சாந்தா அம்மையார் 1955-இல் சேர்ந்து, 2021-இல் இறக்கும்வரை அதைவிட்டு நகரவில்லை. கர்ப்பப்பை வாய்ப் புற்று என்ற சொற்றொடர் இன்று நம் கிராமத்துச் செவிலியர் வாயில் சரளமாக வருகிறதென்றால் இவர்களைப் போன்ற பெண்கள் உழைத்ததால்தான். அவர்கள் போட்ட பாதையில் மேற்கொண்டு நாம் எவ்வளவு நடந்தோம் என்பதுதான் என் கேள்வி. முகாமில் கர்ப்பப்பை வாயைப் பரிசோதிக்கும்போது கருவி எந்த வழியாக உள்ளே போகிறது? வாசலைப் பார்க்காமல் கூடத்தைப் பார்க்கிறோம். அதே மேசை, அதே விளக்கு, அதே செவிலியர். உள்ளே போவதற்கு முன் அரை நிமிடம் வெளித்தோலைப் பார்த்து ‘வெளுப்பு உண்டா, தடிப்பு உண்டா, புண் உண்டா’ என்று ஒரு வரி எழுத, அரசுக்கு ஒரு காசும் செலவில்லை. அந்த வரி படிவத்தில் இருந்தாக வேண்டும். தமிழில் இருக்க வேண்டும், சொல் எதுவானாலும்.

அதே 1954-இல் இன்னொன்றும் நடந்தது. மாய மருந்து விளம்பரத் தடைச் சட்டம் வந்தது. குணமாக்குகிறேன் என்று விளம்பரம் செய்யக் கூடாத நோய்களின் பட்டியலில் புற்றும் இருக்கிறது, வெண்புள்ளியும் இருக்கிறது. எழுபது வருடமாகிறது. மயிலாப்பூர் ரயில் நிலையத்தின் தூண்களில் ‘வெண்குஷ்டம் 90 நாளில் குணம்’ சுவரொட்டிகளை நான் தினமும் படித்துக்கொண்டுதான் கல்லூரிக்குப் போகிறேன். அரசாணை சொன்ன பெயரும் இல்லை, சட்டம் சொன்ன தடையும் இல்லை, ஒரே சுவரொட்டியில்.

போன பருவத்தில் வகுப்பில் மறுபடியும் அந்தச் சொல் வந்தது. முன்பெல்லாம் உரை வேறுபாடுகளைச் சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவேன். இந்த முறை கரும்பலகையில் படம் வரைந்தேன், மோசமான படம்தான். இதழ், வாய், சிறுநீர்த் துளை என்று பெயர் எழுதினேன். தோல் எப்படி இருக்க வேண்டும், எப்படி மாறினால் மருத்துவரிடம் போக வேண்டும் என்று சொன்னேன். பின்வரிசையில் சிரித்தார்கள். சிரிப்பு நின்ற பிறகு ஒரு மாணவி, அவள் பாட்டிக்கு மூன்று வருடமாக அரிப்பு என்றாள். “எங்க?” என்று நான் கேட்கவில்லை. அவளே சொன்னாள், பலகையைக் காட்டி. ஒரு பெற்றோர் முதல்வரிடம் புகார் கொடுத்திருக்கிறார் என்று அடுத்த வாரம் ஓலை வந்தது. தமிழ் வகுப்பில் உடற்கூறு எதற்கு என்று விளக்கம் கேட்டிருந்தார்கள். சங்கப் பாடலின் வரி எண்ணோடு விளக்கம் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

பேத்திக்குக் கல்யாணம் இன்னும் ஆகவில்லை. அவள் அவசரப்படவில்லை. அவள்தான் நல்ல வெளிச்சமான கைக்கண்ணாடி ஒன்று வாங்கிக் கொடுத்திருக்கிறாள். மாதம் ஒரு முறை பெரியம்மா கதவைச் சாத்திக்கொண்டு பார்த்துக்கொள்கிறார். ஆறு மாதத்துக்கு ஒரு முறை மருத்துவமனை. அடுத்தது ஆவணியில். காலண்டரில் சிவப்புப் பேனாவால் தேதியைச் சுற்றி வட்டம் போட்டிருக்கிறார். பக்கத்தில் சின்ன எழுத்தில் ஏதோ எழுதியிருந்ததைக் குனிந்து பார்த்தேன். ‘பல் டாக்டர்’ என்று இருந்தது.

“வீட்டுக்கு நாலு பேர் வராங்க போறாங்க இல்ல” என்றார்.